பூக்குழி முடியும்வரை திறந்திருந்த மஞ்சள் வைன்

1. சிவப்பு வெளுத்தது, வெள்ளை மஞ்சளானது

டோ சந்தா கிளாஸைக் கீழே வைத்த வேகத்திலேயே காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் இருந்ததைத் துப்பும் பாத்திரத்தில் துப்பினார், கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார், ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஷாலகாயே."

பர்மியத்தில் அது காடி. வினிகர். வைன் விற்கிறவர்கள் தங்கள் சரக்கைப் பற்றிக் கேட்கவே கூடாத சொல்.

யாங்கோனில் லான்மடாவ் பக்கம் எங்கள் கம்பெனி. வெளிநாட்டு வைன் இறக்கி ஹோட்டல்களுக்கும் ரெஸ்டாரண்டுகளுக்கும் கொடுக்கிறோம். முதலாளி சொக்கலிங்கம், செட்டியார் வீட்டுப் பிள்ளை. அவர் குடும்பத்தில் மற்ற எல்லாரும் காரைக்குடிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோதும் இவர் மட்டும் இந்த ஊரை விட்டு அசையவில்லை. நான் தனபாக்கியம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். பில் போட வந்தவள், மூக்கும் நாக்கும் கொஞ்சம் நன்றாக இருந்ததால் ஸ்டாக்குக்கும் டேஸ்டிங்குக்கும் பொறுப்பாகிவிட்டேன். வரும் சரக்கை ருசி பார்த்து, விற்கலாம், விற்கக்கூடாது என்று சொல்வது என் வேலை. டோ சந்தா எங்கள் பெரிய வாடிக்கைக்காரர், சொந்தமாக ரெஸ்டாரண்ட் நடத்துகிற பர்மிய அம்மா. அடுத்த மாதம் வைக்கப்போகும் ஒரு விருந்துக்காக அவர் புதுசாக ஏதாவது வேண்டும் என்று கேட்டதால்தான் இந்தச் சரக்கே வந்தது.

சரக்கு பிரான்ஸில் ஜூரா என்ற இடத்திலிருந்து. கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய மலையடிவாரம். அங்கே உள்ளூர்த் திராட்சை மூன்று உண்டு. பூல்சார், த்ரூசோ இரண்டும் சிவப்பு. சவாஞ்ஞான் வெள்ளை. உலகத்தில் வேறெங்கேயும் இவற்றை அவ்வளவாகப் பார்க்க முடியாது. எங்களில் ஒருத்தர்கூட அதுவரை குடித்ததில்லை. முதலாளி கேட்டலாக் பார்த்து ஆசைப்பட்டு வரவழைத்தார், அவ்வளவுதான்.

முதலில் திறந்தது பூல்சார். சிவப்பு வைன் என்று சொன்னால் நம்ப முடியாது. பலமுறை துவைத்த புடவை மாதிரி ஒரு சாயம். அடுத்தது சவாஞ்ஞானில் செய்த மஞ்சள் வைன். குட்டையாக, தோள் அகன்ற பாட்டில். வெள்ளைத் திராட்சையில் செய்தது, ஆனால் கிளாஸில் நல்லெண்ணெய் நிறத்தில் நின்றது. அதைக் குடித்துவிட்டுத்தான் டோ சந்தா காடி என்றார்.

முதலாளி இரண்டு கிளாஸையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "என்ன கண்றாவி இது? செகப்பு வெளுத்துப்போச்சு, வெள்ளை மஞ்சளாயிடுச்சு!"

அந்த நேரம் பார்த்துத்தான் கோ மின் வாயைத் திறந்தான்.

கோ மின் எங்கள் கூல் ரூம் ஆபரேட்டர். ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு. வீட்டில் வைத்த பெயர் தங்கவேலு, அவன் அம்மாவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தமிழைவிடப் பர்மியம் சரளமாக வரும். பொய் மட்டும் எந்த மொழியிலும் வராது.

"மொதலாளி," என்றான். "நேத்து மீ போனப்ப ஜெனரேட்டருக்கு மாத்துனேன்ல? அப்ப சின்ன ரூம் பிரேக்கர் ட்ரிப் ஆயிடுச்சு. பெரிய ரூம் ஓடுற சத்தத்துல எனக்குத் தெரியல. சாயங்காலம் போய்ப் பார்த்தா உள்ள ஒரே வெக்கை. ஒடனே போட்டுட்டேன். காலையில சொல்லணும்னு இருந்தேன், நீங்க விருந்தாளியோட வந்துட்டீங்க."

மீ என்றால் இங்கே கரண்ட். அது போவதும் வருவதும் இந்த ஊரில் செய்தியே இல்லை. ஆனால் பெரிய ரூமில் இடமில்லாமல், இந்த ஜூரா சரக்கை மட்டும் தனியாகச் சின்ன ரூமில் வைத்திருந்தோம். பங்குனி மாத யாங்கோன் வெயிலில் பகல் முழுக்கக் குளிர் இல்லாமல் அந்த ரூம் வெந்திருக்கிறது. வைன் சூடு பட்டால் கெடும். அடப்பாவி, வாடிக்கைக்காரர் எதிரிலா இதைச் சொல்வாய் என்று அவனை முறைத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

முதலாளி முகம் சிவந்தது. "அப்ப நீதான் கெடுத்திருக்க. மொத்தச் சரக்கும் போச்சு. நாளையிலேருந்து வராத."

2. காப்பு

"கொஞ்சம் பொறுங்க முதலாளி," என்றேன். "ஒருத்தர் ஒரு வாய் குடிச்சதை வச்சு ஒரு மனுஷன் சோத்துல மண்ணள்ளிப் போடுவீங்களா?"

"சரி, அப்ப நீ குடிச்சுப் பாரு. ஒன் வேலைதானே அது? நீ நல்லாருக்குன்னா நல்லாருக்கு. கெட்டுப்போச்சுன்னா இவன் வீட்டுக்குப் போகட்டும்."

நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. முந்தின நாள்தான் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தேன். வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காகப் பூக்குழி இறங்குவதாக வேண்டுதல். இந்த ஊர்த் தமிழர்களுக்கு அது விளையாட்டு இல்லை. காப்புக் கட்டினால் தீ மிதித்து முடிக்கும்வரை கறி, மீன், முட்டை கிடையாது. சாராயம் வாசலைத் தாண்டாது. வைன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் எப்படி விரதம் இருப்பது என்று கேட்காதீர்கள். ருசி பார்ப்பதையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு, பில்லும் ஸ்டாக்கும் மட்டும் பார்ப்பதாக இருந்தேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். "துப்பிடத்தானே போற! உள்ள எறக்க வேணாம். நாக்குல வச்சுட்டுத் துப்பு."

"துப்பினாலும் நாக்குல பட்டது பட்டதுதான் முதலாளி. இன்னும் சில நாள்ல நெருப்புல கால் வைக்கப்போறவ நான். ஆத்தா கிட்ட, துப்பிட்டேன் தாயேன்னு கணக்குச் சொல்லவா?"

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. கோ மினுக்கு டுவாண்டேயில் வீடு. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், அம்மா. தினமும் ஆற்றைக் கடந்து வந்து வேலை பார்க்கிறவன். இந்தக் காலத்தில் இந்த ஊரில் வேலை போனால் இன்னொன்று கிடைப்பது என்ன லேசா? ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடித்தால் அவனுக்காகப் பேசலாம். கை கிளாஸ் பக்கம் போனதை மறைக்க மாட்டேன்.

அவனே தடுத்தான். "அக்கா, வேணாம். எனக்காக நீங்க சாமி காரியத்தைக் கெடுக்காதீங்க. அண்ணன் கண்ணு வெஷயம்."

டோ சந்தாவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் மஞ்சள் கயிறு தெரியும். யாங்கோனில் பூக்குழி பார்க்கப் பர்மியர்களும் வருவார்கள். அவர் பர்மியத்தில் முதலாளியிடம் சொன்னார்: "என் விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த அம்மா விரதம் முடித்து வந்து ருசி பார்க்கட்டும். அதுவரை நானும் ஆர்டரை ரத்து செய்யவில்லை. ஆனால் என் நாக்கு என்னவோ கெட்டுப்போனதாகத்தான் சொல்கிறது."

முதலாளி அரைமனசாக ஒத்துக்கொண்டார். ஆனால் கோ மின் அதுவரை வேலைக்கு வரக்கூடாது என்றுவிட்டார். இன்னொரு பாட்டிலைத் திறக்கவும் விடவில்லை. சரக்கே கொஞ்சம், விருந்துக்கே சரியாக இருக்கும் என்று கணக்கு. திறந்த பாட்டிலின் வாயில் கார்க்கைச் சும்மா செருகி, ஆபீஸ் அலமாரி மேல் வைத்தார். "இதையே வந்து குடிச்சுச் சொல்லு" என்றார்.

கோ மின் ஜெனரேட்டர் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். எனக்கு முதலாளி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் பிரேக்கர் விழுந்தது யாருக்குத் தெரியும்? உண்மை சொன்னவனுக்கு இதுதான் கூலி என்றால் நாளைக்கு எவன் வந்து சொல்வான்? இதை முதலாளியிடம் நேராகவே கேட்டேன். அன்று சாயங்காலம் அவர் கோபம் தணிய, நாங்கள் எப்போதும் விற்கும் சாதாரண வெள்ளை வைன் ஒன்றைத் திறந்து பாதி குடித்துவிட்டு, மீதியையும் கார்க்கைச் சும்மா செருகி அதே அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த அலமாரியை அவர் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள், தூசி தட்டக்கூட.

3. வைனில் வெந்தய வாடை

முதலாளி மஞ்சள் வைனை அலமாரி மேல் ஏற்றும் முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். டோ சந்தா வைத்துவிட்டுப் போன கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரே இழுப்பு. மூக்குக்கு யாரும் காப்புக் கட்டவில்லையே!

வெந்தயம். சத்தியமாக வெந்தயம். வாணலியில் சிவக்க வறுத்த வெந்தயம், அதோடு அக்ரூட்டுப் பருப்பு, பின்னால் ஏதோ ஒரு புளிப்பு. எனக்குப் பயம் இன்னும் கூடியது. வைனில் வெந்தய வாடை வந்தால் அது வைனா, மீன் குழம்பா? முகர்ந்ததும் தப்போ என்று உறுத்தியதால் அதோடு விட்டுவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

வேறு வழிகளில் தேடினேன். பூல்சார் கதை சுலபமாக முடிந்தது. அந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, அதனால் சாயம் இறங்காது, அதன் நிறமே அவ்வளவுதான். போட்டோக்களில் எல்லாப் பூல்சாரும் எங்களுடையது மாதிரியே வெளுத்திருந்தது. மஞ்சள் வைன்தான் பெரிய கதை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் பீப்பாயில் வைன் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். காற்று பட்டால் கெடும் என்ற பயம். ஜூராக்காரர்கள் இந்த ஒரு வைனுக்கு மட்டும் நிரப்பமாட்டார்கள். ஆறு வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுவார்கள். வைன் மேல் ஈஸ்ட் ஒரு ஏடு மாதிரிப் படரும். பாலில் ஆடை கட்டுமே, அப்படி. அந்த ஆடைதான் அதற்குக் காவல். அதன் கீழேதான் அந்த அக்ரூட்டு வாசனை, வெந்தய வாசனை எல்லாம் பிறக்கிறதாம். ஒரு லிட்டர் ஊற்றி வைத்தால் ஆவியானது போகக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுமோ, அந்த அளவில்தான் அந்தக் குட்டை பாட்டில்.

சரி, வெந்தயம் இருக்க வேண்டியதுதான் என்று தெரிந்தது. பிரான்ஸிலிருந்து சரக்கு அனுப்பியவரும் வாய்ஸ் மெசேஜில் அதையே சொன்னார். முதலாளியிடம் போட்டுக் காட்டினேன்.

"எந்த வியாபாரி தன் கத்தரிக்காய் சொத்தைன்னு சொல்லுவான்?" என்றார். "சரி, வெந்தயம் இருக்கணும். ஒத்துக்கிறேன். ஆனா புளிப்பு? அது அங்கேருந்தே வந்ததா, நம்ம ரூம்ல வெந்ததால வந்ததா? நீ சொல்லு."

மனுஷர் சொன்னதில் நியாயம் இருந்தது. சரியான ருசி எது என்று இந்த ஊரில் யாருக்குமே தெரியாது. அது தெரியாமல், கெட்ட ருசியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்பிட்டுப் பார்க்க, வெக்கை படாத பாட்டில் ஒன்றுகூட நாட்டில் இல்லை.

நடுவில் கோ மின் போன் செய்தான். டுவாண்டேயில் ஒரு பானைச் சூளையில் விறகு அடுக்கப் போகிறானாம். "சும்மா இருக்க முடியலக்கா" என்றான். பின்னால் அவன் மனைவி பர்மியத்தில் கேட்பது காதில் விழுந்தது: "அக்கா என்ன சொல்றாங்க? வேலை இருக்கா, இல்லையா?" என்ன சொல்வது? "ஆத்தா பார்த்துக்குவாடா" என்றேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து என் வேண்டுதலில் அவனையும் சேர்த்துக்கொண்டேன்.

4. அலமாரி மேலிருந்து இறங்கியவை

பூக்குழி நல்லபடி முடிந்தது. ஒரு கொப்புளம் இல்லை. காப்பை அவிழ்த்த மறுநாள் காலை ஆபீஸ் போனேன். முதலாளி இருந்தார். டோ சந்தா வந்திருந்தார். கோ மினை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கதவு ஓரம் நின்றான். சூளைப் புகையில் முகம் கறுத்திருந்தது.

முதலாளி ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து குட்டை பாட்டிலை இறக்கினார். ஊற்றினார். நான் முகர்ந்தேன், ஒரு வாய் எடுத்தேன், நாக்கில் உருட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெந்தயம் இருந்தது, அக்ரூட் இருந்தது, உப்புக் கலந்த மாதிரி ஒரு புளிப்பும் இருந்தது. நல்லதா, கெட்டதா? இத்தனை வருஷ நாக்கு கையை விரித்துவிட்டது. பொய் சொல்லலாம். நல்லாருக்கு முதலாளி என்று இரண்டு வார்த்தை போதும், கோ மின் வேலை தப்பும். ஆனால் அவன் உண்மை சொல்லி மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவனை வைத்துக்கொண்டு நான் பொய் சொல்லவா?

"தெரியல முதலாளி," என்றேன். "எனக்குத் தெரியல."

கோ மின் தலையைக் குனிந்துகொண்டான். "போய்ட்டு வரேன்க்கா" என்று திரும்பினான்.

"நில்லு," என்று பர்மியத்தில் சொன்னார் டோ சந்தா.

என் கையிலிருந்த கிளாஸை வாங்கி அவரே குடித்தார். இந்த முறை துப்பவில்லை. இன்னொரு வாய் குடித்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார்.

"இது அன்றைக்குத் திறந்த அதே பாட்டிலா?"

"அதேதான்."

"அன்றைக்கிலிருந்து இங்கேயேவா இருந்தது? இந்த வெக்கையிலா?"

"ஃபேன்கூட பாதி நேரம் ஓடலை," என்றார் முதலாளி.

"அப்படியானால் ஏன் இது மாறவே இல்லை? அன்றைக்கு என்ன ருசியோ, இன்றைக்கும் அச்சு அசல் அதே ருசி. நான் சமையல்காரி. கெட்டுப்போக ஆரம்பித்த பண்டம் நடுவில் நிற்காது. மேலே மேலே கெட்டுக்கொண்டே போகும்."

முதலாளி மறுபடி ஸ்டூல் மேல் ஏறினார். தான் பாதி குடித்து வைத்த வெள்ளை வைனை இறக்கினார். கார்க்கை எடுத்ததும் அறை முழுக்கக் காடி நெடி. பாட்டிலுக்குள்ளிருந்து கொசு மாதிரி சின்ன ஈ இரண்டு பறந்தன. ஒரே அலமாரி, ஒரே நாள் திறந்தது, ஒரே வெயில்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கத்தியேவிட்டேன்.

"முதலாளி! வாய் திறந்து இத்தனை நாள் இந்த வெயில்ல நின்னே ஒண்ணும் ஆகாத சரக்கு, மூடி போட்டு ஒரு பகல் சின்ன ரூம்ல இருந்ததுலயா கெட்டுப்போயிடும்? கோ மின் எதையும் கெடுக்கலை! இதோட குணமே இதுதான்!"

டோ சந்தா சிரித்துக்கொண்டே பர்மியத்தில் சொன்னார்: "எனக்கு அந்த ருசி பழக்கமில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டாவது வாய் அவ்வளவு மோசமில்லை. கோழியில் க்ரீமும் காளானும் போட்டுச் செய்தால் இதற்குப் பொருந்தும். ஆர்டர் அப்படியே இருக்கட்டும்."

பிரான்ஸ்காரருக்கு உடனே மெசேஜ் போட்டேன். பதில் வந்தது: ஆமாம், மஞ்சள் வைன் திறந்த பின்னும் வாரக்கணக்கில் நிற்கும், பீப்பாயில் அது காற்றும் சூடும் குளிரும் எல்லாம் பார்த்துதான் வளர்கிறது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா ஐயா! கேட்டால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது.

5. ஒரு வாய்

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. தெரியாத சரக்கு வந்தால், நாக்குக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கெட்டுப்போனது என்று சொல்லிவிடாதீர்கள். மூடி வையுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பக்கத்தில் தெரிந்த சரக்கு ஒன்றையும் வையுங்கள். எங்கள் கம்பெனியில் இப்போது அதுதான் வழக்கம். இன்னொன்று, கூல் ரூம் நின்றது என்று ஒருவன் தானாக வந்து சொன்னால் முதலில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை முதலாளி முன்னாலேயே சொல்லுவேன். அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்.

அன்றைக்கு அவர் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அந்த வம்சத்துக்கு அது வராது. என் மேஜை டிராயரைத் தானே திறந்து, ஜெனரேட்டர் சாவியை எடுத்து கோ மினிடம் நீட்டினார். "மீ வர்ற மாதிரி தெரியல. போய் டீசல் இருக்கான்னு பாரு" என்றார்.

கோ மின் சாவியை வாங்கினான். போகவில்லை. முதலில் டுவாண்டேக்குப் போன் போட்டு, "வேலை இருக்கு" என்று பர்மியத்தில் இரண்டே வார்த்தை சொன்னான். அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துவது எங்களுக்கே கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, எனக்கும் ஒரு வாய் குடுங்க. என் சோத்தைப் பறிக்கப் பார்த்த சரக்கு எப்படித்தான் இருக்குன்னு பார்க்கிறேன்."

ஊற்றிக் கொடுத்தேன். மடக்கென்று குடித்தான். கண் இடுங்கியது, வாய் கோணியது, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியது. முதலாளியைப் பார்த்தான், டோ சந்தாவைப் பார்த்தான். பிறகு என் காதுக்கருகே குனிந்து ரகசியம் போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"அக்கா, சத்தியமா சொல்லுங்க. இது கெட்டுத்தானே போயிருக்கு?"